கிழக்குக் கரையை வெட்டினது யாரு

மெரட்ட வரல, வைத்தியரே. கையில இருக்கறது நெல்லு அளக்கற மரக்கால். அருவா இல்ல.

உங்க வாசல்ல நிக்க எனக்கு உரிமை இருக்கு. கேள்வி இருக்கறவன் மரக்காலைத் தூக்கிக்கிட்டு எந்த வாசல்லயும் நிக்கலாம். அது ஊர் வழக்கம். நான் உண்டாக்கினதில்ல.

துரோகியா? சரி, அந்த வார்த்தை உங்களுக்கு ருசியா இருந்தா வெச்சுக்கங்க. கதவைச் சாத்தறதுக்கு முன்னாடி நடந்ததைக் கேளுங்க. நீங்களும் அங்க இருந்தீங்கதான். ஆனா எதையும் பாக்காத மாதிரியே இருந்தீங்க.

*

போன கோடையில மாசிலாம்மாகிட்டப் போய்க் கத்தினேன்.

மாசிலாம்மா என் குரு. ஏரிமுனை மடத்துல இருக்காங்க. என்னைவிட வயசு கம்மி. அவங்க என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க, நான் அம்மான்னு கூப்பிடுவேன். அதைப் பாத்து நீங்க சிரிச்சதும் எனக்குத் தெரியும்.

"அம்மா, மதகுச் சாவி சடையப்பர் இடுப்புல தொங்குது. அவர் வயல் நனைஞ்சு, அவர் மச்சினன் வயல் நனைஞ்சு, அப்புறம்தான் ஊருக்குத் தண்ணி. இது அநியாயம் இல்லையா?"

"அநியாயம்தான்."

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாரு."

"கேப்பாரு. நான் செத்தப்புறம்?"



அவங்க உள்ள போனாங்க. பரண்லேந்து ஒரு மரக்காலை எறக்கினாங்க. ஒட்டடையைத் துடைச்சு என் கையில குடுத்தாங்க.

சடையப்பரோட அப்பா காலத்துல அதைப் பரண்ல ஏத்தினது. அப்புறம் யாரும் தொடல.

வழக்கம் எல்லாருக்கும் தெரியும், ஆனா யாரும் செஞ்சு பாத்ததில்ல. கேள்வி இருக்கறவன் மரக்காலோட வீடு வீடாப் போகணும். இதை ஊரு முன்னாடி வெக்கலாம்னு நெனைக்கற வீடு ஒரு பிடி நெல்லு போடும். விடிஞ்சதுலேந்து விளக்கு வெக்கறதுக்குள்ள மரக்கால் நிரம்பிடணும். நிரம்பினா மறுநாள் மடத்து முத்தத்துல பானை. ஆளுக்கு ரெண்டு கொட்டை குடுப்பாங்க, ஒண்ணை உள்ள போடணும். சரின்னா புளியங்கொட்டை. வேணாம்னா வேப்பங்கொட்டை. கையில மிஞ்சினதை ஏரியில வீசிடணும். யாரு எதைப் போட்டாங்கன்னு யாரும் யாரையும் கேக்கக்கூடாது.

மடத்துக்கு அந்த ஏரித் தண்ணி பாயற நெலம் ஒரு குழி கூட இல்ல. அதனால எண்ணற வேலை மடத்துக்கு.

நான் தூக்கினேன். நிரம்புச்சு. ஊரு போட்டுது. சாவி சடையப்பர் இடுப்பை விட்டு ஊர்ப் பொதுவுக்கு வந்துச்சு.

அன்னைக்கு அவர் மூஞ்சியைப் பாத்தீங்கல்ல? ஒவ்வொரு ஆளாப் பாத்தாரு. தன் முன்னாடி கை கட்டி நின்னவனுங்க, எந்தக் கையால போட்டானுங்கன்னு தேடினாரு. கண்டுபிடிக்க முடியல.

நீங்க என் முதுகைத் தட்டினீங்க, வைத்தியரே. வலிக்கற மாதிரியே தட்டினீங்க.

சாயந்தரம் மடத்துக்குப் போனேன்.

"அம்மா, இனிமே ஊருதான் குரு. நீங்க ஓய்வெடுத்துக்கலாம்."

"நல்லது. எனக்கும் முதுகு வலி," ன்னாங்க. "பானைக்குள்ள கை விட்டியே, எப்படி இருந்துச்சு?"

"ஜில்லுனு இருந்துச்சு."

"அப்புறம்?"

"சடையப்பர் அங்கயே நின்னாரு. ஆனா என் கை எதை விட்டுச்சுன்னு அவரால பாக்க முடியல. பொறந்ததுலேந்து மொத தடவை பயம் இல்லாம ஒண்ணு செஞ்சேன்."

அவங்க என் கையையே பாத்துக்கிட்டு இருந்தாங்க.

"எனக்குப் பயமா இருக்கு, இடும்பா."

நான் சிரிச்சேன்.

*

ஐப்பசியில மழை பிடிச்சுது. விடல.

மதகை முழுசாத் தொறந்தாச்சு. மிச்சத் தண்ணி வழியற கலிங்கு ஆளுயரத்துக்குப் பாயுது. ஏரி எறங்கல.

உங்க மேலத்தெருவுக்குப் பின்னாடி மேலக்கரைதான் கசிய ஆரம்பிச்சுது. நண்டு வளை. மொதல் நாள் தெளிவாக் கசிஞ்சுது. யாரும் பதறல. தெளிவா வந்தா கரை வேர்க்குதுன்னு அர்த்தம்.

மறுநாள் கலங்கலா வந்துச்சு.

கலங்கலா வந்தா உள்ள மண்ணு கரையுது. மேல நின்னு பாக்கறவனுக்குப் புல்லு பச்சையாத்தான் தெரியும். காலுக்குக் கீழ எவ்வளவு மிச்சம் இருக்குன்னு யாருக்கும் தெரியாது.

சனங்க நடக்கறதே மாறிப்போச்சு. கரைமேல யாரும் அழுத்தி மிதிக்கல. புள்ளைங்களைச் சத்தமாப் பேசாதேன்னாங்க, சத்தத்துல கரை உடைஞ்சிடற மாதிரி.

அப்பத்தான் சடையப்பர் மடத்துக்கு வந்தாரு. மரக்காலைக் கேட்டு வாங்கினாரு. கோடையில நான் தூக்கின அதே மரக்கால்.

கேள்வி இதுதான்: "கிழக்குக் கரையை வெட்டி விடலாமா?"

வெட்டினா ஏரி எறங்கி மேலக்கரை நிக்கும். கிழக்குக் கரைக்குக் கீழ கீழக்கொல்லை. வாத்து மேய்க்கற சனங்க. பத்துப் பன்னெண்டு குடிசை. ஆனா கேள்வியில குடிசை இல்ல. வாத்து இல்ல. சனம் இல்ல. கரை மட்டும்தான் இருந்துச்சு.

நான் தூக்கினப்ப மரக்கால் நிரம்பப் பொழுது சாஞ்சுது. அவர் தூக்கினப்ப உலை கொதிக்கறதுக்குள்ள நிரம்பி, மேல கும்பாச்சி கட்டிடுச்சு.

ஓடினேன். மாசிலாம்மா விளக்குக்குத் திரி திரிச்சுக்கிட்டு இருந்தாங்க.

"நிறுத்துங்க."

"எதை?"

"பானையை."

"எந்தப் பானையை? நீ கோடையில தலையில வெச்சு ஆடினியே, அதையா?"

"அது வேற கேள்விம்மா."

"பானைக்கு அது தெரியாது."

"இது கொலை."

"மேலக்கரை உடைஞ்சா?"

மேலக்கரை உடைஞ்சா மேலத்தெரு இல்ல, நடுத்தெரு இல்ல. நீங்க இல்ல. என் வீட்டுலயும் ரெண்டு புள்ளைங்க தூங்குது.

"அப்ப நீங்களும் வெட்டச் சொல்றீங்களா?"

"நான் எதையும் சொல்லல."

"சொல்லுங்க. குருன்னா இப்பச் சொல்லணும்."

"சொன்னா, சாவி மறுபடி ஒரு இடுப்புக்குப் போயிடும்."

"போகட்டும்."

"யாரு இடுப்புக்கு?"

"உங்க இடுப்புக்கு."

"இன்னைக்கு எனக்குக் குடுப்பே. நாளைக்கு நான் தப்பாச் சொன்னா யாருகிட்ட ஓடுவே?"

அவங்க கையில இருந்த திரியைப் பாத்தேன். நேரா வரல. பிரிச்சு மறுபடி திரிச்சாங்க.

*

மறுநாள் மழையிலயே பானை வெச்சாங்க. வாயில ஈரத்துணி கட்டி, கை நுழைய ஒரு கிழிசல்.

கீழக்கொல்லை சனங்களும் வந்தாங்க. ராக்காயி முன்னாடி நின்னா. தலையில கோணிச்சாக்கு.

"அம்மா, நாங்களும் போடலாமா?"

"உங்களுக்கும் ஆளுக்கு ஒரு கொட்டை," ன்னாங்க மாசிலாம்மா.

"நல்ல மரியாதை. கோழியை அறுக்கறதுக்கு முன்னாடி எந்தக் கொழம்புன்னு கோழியையே கேக்கற ஊரு வேற எங்கயும் இருக்காது."

யாரோ சிரிச்சாங்க. அவ சிரிக்கல. கையை விட்டா, போட்டா, நகந்தா.

வரிசை நகந்துச்சு. யாரும் யாரு மூஞ்சியையும் பாக்கல. கை உள்ள போச்சு, வெளிய வந்துச்சு. எல்லாரும் கையைத் துணியில துடைச்சுக்கிட்டாங்க. கோடையில யாரும் துடைக்கல.

மாசிலாம்மா பானையைப் பாயில கவுத்தாங்க.

புளியங்கொட்டை மலை மாதிரி. வேப்பங்கொட்டை ஒரு ஓரமா. எண்ணினாங்க. கீழக்கொல்லையில கை விட்டவங்க எத்தனையோ, அத்தனை. அதுக்கு மேல ஒண்ணு.

ஒண்ணே ஒண்ணு.

"வெட்டறதுன்னு ஆச்சு," ன்னாங்க.

எழுந்து உள்ள போய் ஒரு மண்வெட்டியை எடுத்துட்டு வந்து பாய்மேல வெச்சாங்க, அந்தக் கொட்டை மலைக்குப் பக்கத்துல.

"வெட்டப்போறது யாரு?"



"இது ஊர் முடிவு," ன்னாரு சடையப்பர். "ஊரு வெட்டட்டும்."

"ஊருக்குக் கை எது, சடையப்பரே?"

அவர் குனிஞ்சு வேட்டி நுனியைப் பிழிஞ்சாரு. அப்புறம் ஒவ்வொருத்தரா ஆரம்பிச்சாங்க. ஒருத்தனுக்கு மணிக்கட்டுல சுளுக்கு. ஒருத்தன் பொண்டாட்டி வீட்டுல தனியா இருக்கா. நீங்க என்ன சொன்னீங்க, வைத்தியரே? இது மருந்து அரைக்கற கைன்னு சொன்னீங்க.

சரி, வெட்ட வேணாம்னு யாராச்சும் சொன்னாங்களா? அதுவும் இல்ல. வெட்டணும். ஆனா வேற யாராச்சும் வெட்டணும். நாம போறதுக்குள்ள அதை வெட்டியிருக்கணும்.

அப்பத்தான் ராக்காயி பாய்மேல கால் வெச்சா. கொட்டை அவ காலடியில சிதறுச்சு. மண்வெட்டியை எடுத்தா.

"ராக்காயி, வேணாம்."

"நீங்க வெட்டினா எப்ப வெட்டுவீங்க, இடும்பண்ணே?"

"நான் வெட்ட மாட்டேன்."

"ஒங்களைச் சொல்லல. இந்த ஊரு வெட்டினா எப்ப வெட்டும்? இந்த நிமிசமே. நான் வெட்டினா, எங்க மாமியாளைக் கட்டிலோட தூக்கி மேல ஏத்தினப்புறம் வெட்டுவேன். அவ்வளவுதான் வித்தியாசம்."

மாசிலாம்மா அவளைக் கேட்டாங்க: "பானை இல்லாத காலத்துல இப்படி நடந்திருக்குமா?"

"பானை இல்லாத காலத்துல இந்நேரம் கேக்காமயே வெட்டியிருப்பாங்க."

"அப்ப இது மேலா?"



"தெரியலம்மா. அப்பன்னா, சடையப்பர் நாசமாப் போகன்னு மண்ணை வாரித் தூத்தலாம். இப்ப யாரைத் தூத்தறது?"

*

மடத்துலேந்து கிழக்குக் கரைக்குப் போகணும்னா மேலக்கரை வழியாத்தான் போகணும்.

அவ முன்னாடி போனா. தோள்ல மண்வெட்டி. ஊரு பின்னாடி போச்சு.

கலங்கல் தண்ணி கொப்புளிக்கற எடம் வந்துச்சு. அவ நின்னா.

மண்வெட்டியைத் தோள்லேந்து எறக்கினா.

வைத்தியரே, அந்த நேரம் ஞாபகம் இருக்கா? அந்த எடத்துல ஓங்கி ஒரே போடு போதும். நம்ம தெரு, நம்ம கூரை, உங்க மருந்துப் பெட்டி, என் ரெண்டு புள்ளைங்க. அவளைத் தடுக்க ஒருத்தன் கால் எடுத்து வெக்கல. வெச்சா கரை தாங்குமோ தாங்காதோன்னு பயம்.

ஊர்ல இருக்கற அத்தனை உயிரும் ஒரு பொம்பளை கையில. அவளோட உயிரு அதுவரைக்கும் நம்ம கையில இருந்துச்சு.

அவ சேலைத் தலைப்பை இழுத்து இடுப்புல செருகினா. மண்வெட்டி இலையில ஒட்டியிருந்த ஒரு புளியங்கொட்டையைக் கட்டை விரலால தள்ளினா. திரும்பி எங்களைப் பாத்தா.

"என்ன, மூச்சையே காணோம்?"

மண்வெட்டிக் காம்பை மாத்திப் பிடிச்சா.

"பயப்படாதீங்க. கொட்டை சொன்ன எடம் இது இல்லைன்னு எனக்குத் தெரியும்."

தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு நடந்தா.

கெழவியைக் கட்டிலோட ஏத்தினாங்க. அடுப்புச் சட்டி, பாய், குஞ்சுக் கூடை. அப்புறம் அவ வெட்டினா. அவ வெட்ட வெட்ட, மத்த கீழக்கொல்லை ஆம்பளைங்களும் எறங்கினாங்க. ஊர்ல ஒருத்தரும் எறங்கல. தண்ணி மொதல்ல ஒரு பாம்பு மாதிரி போச்சு. அப்புறம் பாம்பு மாதிரி இல்ல.

குடிசை எதுவும் மிதக்கக்கூட இல்ல. அப்படியே உக்காந்துடுச்சு. வாத்து மட்டும் மிதந்துச்சு, கத்திக்கிட்டு.

ஏரி எறங்குச்சு. மேலக்கரை நின்னுச்சு. உங்க வீட்டுலயும் என் வீட்டுலயும் அன்னைக்கு அடுப்பு எரிஞ்சுது. கீழக்கொல்லை மேல ஆள் முழங்கால் அளவுக்கு மணல். அந்தச் சனங்க இன்னைக்கு வரைக்கும் கரைமேல ஓலையைச் சாய்ச்சு வெச்சுக்கிட்டு இருக்காங்க.

*

அப்புறம் ஒரு அதிசயம் நடந்துச்சு.

கெணத்தடியில ஒருத்தன் சொன்னான்: "அந்த ஒரு வேப்பங்கொட்டை என்னது."

செக்குமேட்டுல இன்னொருத்தர் சொன்னாரு. கோயில் வாசல்ல ரெண்டு பேரு. சடையப்பர் மச்சினன் கண்ணுல தண்ணியோட சொன்னான். யாரையும் யாரும் கேக்கல. தானா வந்து தானா சொல்றாங்க.

மடத்துக்குப் போனேன்.

"அம்மா, எல்லாரும் பொய் சொல்றாங்க. அந்த ஒண்ணு நான் போட்டது."

"ஊரே அதத்தான் சொல்லுது."

"நான் நெஜமாச் சொல்றேன்."

"அவங்களும் நெஜமான்னுதான் சொல்றாங்க."

"நீங்களே என்னை நம்பலையா?"

"கீழக்கொல்லையில யாராச்சும் பயத்துல புளியங்கொட்டை போட்டிருந்தா? அப்ப ஊர்ல வேப்பங்கொட்டை போட்டது ஒண்ணு இல்ல, ரெண்டா இருக்கலாம். மூணா இருக்கலாம். நீ எப்படிச் சொல்லுவே?"

என் கையை நானே பாத்தேன். என் மிச்சக் கொட்டை ஏரியில கெடக்கு. ஊர்ல நடந்துபோற ஒவ்வொரு மூஞ்சியையும் பாக்கறேன், வைத்தியரே. இவன் வெட்டச் சொன்னவனா? இவளா? எனக்குப் பால் ஊத்தறவளா? அவங்களும் என்னை அப்படித்தான் பாக்கறாங்க.

"பானையை உடைச்சுடறேன்," ன்னேன்.

"உடை. சாவியை யாரு இடுப்புல செருகலாம், அதையும் சொல்லிட்டு உடை."

"அப்ப பானை நல்லதா, கெட்டதா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்கம்மா. என்னால தூங்க முடியல."

அவங்க மரக்காலை எடுத்து என் மடியில வெச்சாங்க.

"எந்தக் கேள்விக்கு?" ன்னு கேட்டேன்.

"எங்கிட்டக் கேக்காதே. கரைமேல போ."

போனேன். ராக்காயி மழையில அடுப்பை ஊதிக்கிட்டு இருந்தா. மரக்காலைப் பாத்தா. மொதல்ல பயந்துட்டா. மறுபடி என்னத்தை வெட்டப்போறீங்கன்னு கேட்டா.

"இல்ல. உன் கேள்விக்குத்தான் வந்திருக்கேன். சொல்லு."

ஊதுகுழலைக் கீழ வெச்சா. அப்புறம் சொன்னா.

"வெட்டச் சொன்ன ஊரு, தண்ணி ஏறாத களத்துமேட்டுல எங்களுக்கு எடம் விடுமா? இதான்."

"சரி. மொதல் பிடி உன்னோடது. நெல்லு போடு."

"வாத்துக்காரிகிட்ட ஏது நெல்லு? முட்டை போடட்டுமா?"

வழக்கத்துல முட்டை செல்லாது. எனக்கு அப்பத்தான் அது தெரிஞ்சுது. நெல்லு இல்லாத வீட்டுக்கு இந்த ஊர்ல கேள்வியே கெடையாது. கோடையில நான் தூக்கிட்டு ஆடினப்ப இது என் கண்ணுல படல. மொதல் பிடியை என் வீட்டு நெல்லுலேந்து போட்டேன்.

*

ஆக, வைத்தியரே, கதை இதோட உங்க வாசலுக்கு வந்துடுச்சு.

விடிஞ்சதுலேந்து நடக்கறேன். மரக்கால்ல பாருங்க. பாதி கூட வரல. ஒரு வீட்டுல நாயை அவுத்து விட்டாங்க. ஒரு வீட்டுல உள்ளயே இருந்துக்கிட்டு வெளிய போயிருக்கோம்னு கொரல் குடுத்தாங்க.

தெருக்கோடியில சடையப்பர் நிக்கறாரு, பாத்தீங்களா? கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு, சாந்தமா. நிரம்பலன்னா விளக்கு வெச்சதும் மரக்கால் அவர் கைக்குப் போகும். அவர் கேள்வி ஊருக்கெல்லாம் தெரிஞ்சாச்சு. வாத்துக்காரங்க மிதிச்சு மிதிச்சுக் கரை பலவீனமாப் போச்சாம். "கரையைச் சுத்தம் பண்ணலாமா?" அதான் கேள்வி. இதுலயும் சனம் இல்ல, கவனிச்சீங்களா? கரை மட்டும்தான்.

அது எவ்வளவு நேரத்துல நிரம்பும்னு நெனைக்கறீங்க?

மேகம் மறுபடி கறுக்குது. நான் உங்களை எந்தக் கொட்டை போட்டீங்கன்னு கேக்கல. கேக்கக்கூடாது, தெரியும். ஆனா நீங்களா சொன்னீங்க, கெணத்தடியில, நாலு பேரு கேக்க. அந்த ஒண்ணு உங்களதுன்னு. வேப்பங்கொட்டை போட்ட கைக்கு ஒரு பிடி நெல்லு என்ன அவ்வளவு கனமா?

மொகத்தைத் திருப்பாதீங்க.

சரி. போட வேணாம். கதவைச் சாத்திக்கங்க. எனக்குப் பதிலும் வேணாம். ஆனா நாளைக்கோ நாளன்னைக்கோ மடத்து முத்தத்துல ஊரு கூடும். எந்தக் கேள்விக்குக் கூடினாலும் கூடும். ராக்காயி மாமியாளைக் கட்டிலோட தூக்கிட்டு வந்து நடுவுல வெப்பா. உங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, இந்தக் கை ஏன் ஒரு பிடி போடலன்னு கேப்பா. ஊருக்குப் பின்னாடி ஒளியாம, முன்னாடி வந்து, உங்க சொந்த வாயால, எல்லாருக்கும் கேக்கற மாதிரி அவளுக்குப் பதில் சொல்லுங்க.